கடைசி ஐந்து வரிகள்

பிப்ரவரி 21, 2016
அகாடமி, மூன்றாம் மாடி

அன்புள்ள அப்பாவுக்கும் மிசோன் அக்காவுக்கும்,

நாரே எழுதுகிறேன். நான் நலம். அப்பாவின் தோள்வலி தேவலையா? நம் ஊர் சாம்சியோக்கில் கடல்காற்று இன்னும் முகத்தை அறுக்கிறதா? இங்கே மலைமேல் பனி உருகவில்லை. ஆனால் வெளியே போகிற வேலையே இல்லாததால் கவலையும் இல்லை.

வந்த அன்றே போனை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். நவம்பரில் நுழைவுத் தேர்வு முடிந்துதான் திருப்பிக் கிடைக்கும். என் இருக்கை எண் 46. காலை ஆறரைக்குச் சொல் தேர்வு. நூறு ஆங்கிலச் சொற்களில் தொண்ணூற்றைந்து சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் அன்று முழுவதும் அறையின் பின்னால் நின்றபடி படிக்க வேண்டும். மொத்தம் எட்டாயிரம் சொற்கள். சோறு, கடல், சட்டை மாதிரிச் சொற்கள் அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் விஞ்ஞானம், தத்துவம், மூளை, சமுதாயம். வினாத்தாளில் அப்படிப்பட்ட பத்திகள்தான் வருமாம்.

இது எனக்கு மூன்றாவது முறை என்பதால் வார்டன் ஐயா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவ?" என்று அன்பாக விசாரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும் கடிதங்களை அவர் படித்துத்தான் அனுப்புவார். கடிதத்தின் கடைசியில் அந்த வாரம் கற்ற ஐந்து சொற்களை வைத்து ஆங்கிலத்தில் ஐந்து வரிகள் சொந்தமாக எழுத வேண்டும். பிள்ளை முன்னேறுகிறதென்று பெற்றவர்கள் தெரிந்துகொள்ள இந்த ஏற்பாடு. இதோ என் முன்னேற்றம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாரே

(ஆங்கிலத்தில்)
இனெர்ஷியா: யாரும் தள்ளாதவரை ஒரு பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும், என்னை 46ஆம் நாற்காலியில் வைத்திருக்கிறார்கள்.
ஹைபாதெசிஸ்: இது எனக்கு நல்லது என்பது என் அப்பாவின் ஹைபாதெசிஸ்.
டென்சிட்டி: இந்த அறையில் நூற்றிருபது பேர் இருக்கிறோம், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.
வேரியபிள்: இங்கே மாறுகிற ஒரே வேரியபிள் ஜன்னல் வெளிச்சம்.
கன்சென்ட்: நான் தலையை ஆட்டினேன், அதைக் கன்சென்ட் என்று எடுத்துக்கொண்டார்கள்.

❖

மார்ச் 2

அன்புள்ள நாரே,

சாப்பிடுகிறாயா? நானும் அப்பாவும் நலம். உன் கடிதம் வந்த அன்று கடையில் கூட்டம். அப்பா கையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவி, பிறகுதான் உறையைத் தொட்டார். மூன்று மணிக்குக் கடைசி சூப் கிண்ணம் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிசோனா, படி" என்றார்.

நானும் இதே மாதிரி ஓர் அகாடமியிலிருந்து நாற்பதாம் நாள் ஓடிவந்தவள்தானே. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக அவர் என்னிடம் பேசியதெல்லாம் "ரெண்டு சூப்", "மூணு சூப்" மட்டும். அப்படிப்பட்டவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

படித்து முடித்ததும் கேட்டார்: "கீழ இங்கிலீஷ்ல என்னம்மா போட்டிருக்கா?"

"எல்லாம் விஞ்ஞானம்ப்பா. பொருளு, வெளிச்சம், அடர்த்தி, அந்த மாதிரி."

"டாக்டருக்குப் படிக்கறவன்னா அதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்ல" என்று கடிதத்தை வாங்கி, ஆங்கிலம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். இப்போது துறைமுகத்து ஆட்களெல்லாம் உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் மீன் சூப் குடிக்கிறார்கள். இரண்டு சட்டையாகப் போட்டுக்கொள். மலைக்குளிர் பொல்லாதது.

அக்கா

❖

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். கீழே சாலையோரம் செர்ரி பூத்திருப்பதாக வார்டன் ஐயா சொன்னார்.

மாதக் கடைசியில் இங்கே மூன்று நாள் விடுப்பு உண்டு. முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் 'தங்குகிறாள்' என்று குறிக்கப்பட்டவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். என் பெயர் இருந்தது. பிப்ரவரியிலும் இருந்தது. ஏதாவது தவறு நடந்திருக்குமோ என்று வார்டன் ஐயாவைக் கேட்டேன். தவறில்லையாம்.

தங்கியவர்கள் ஒன்பது பேர். சொல்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தோம். எபிஸ்டமாலஜி என்றால் 'அறிவாய்வியல்' என்று போட்டிருந்தது. சரி, அறிவாய்வியல் என்றால்? அது நம் மொழிச் சொல்தான், ஆனால் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "அறிவாய்வியல்னா என்னடி?" என்றேன். அவள் யோசிக்காமல் "எபிஸ்டமாலஜி" என்றாள். "அதான், அப்டின்னா?" என்றேன். "உனக்கு மார்க்கு வேணுமா, அர்த்தம் வேணுமா?" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரண்டு மாதத்தில் நான் சிரித்தது அன்றுதான்.

இப்படி ஐயாயிரம் வரை ஏற்றிவிட்டேன். தெரியாத ஒன்றுக்குத் தெரியாத இன்னொன்று அர்த்தம். தேர்வில் சரி என்கிறார்கள். அப்பா தோளுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

நாரே

(ஆங்கிலத்தில்)
பாரடாக்ஸ்: சொற்கள் பெருகப் பெருக, சொல்ல முடிவது குறைகிறது.
வாக்யூம்: விடுப்பு நாட்களில் இந்தக் கட்டடம் ஒரு வாக்யூம்.
சிம்டம்: சாப்பிட்டதும் வாந்தி வருவது ஒரு சிம்டம், எதனுடையது என்று புத்தகத்தில் இல்லை.
எவிடென்ஸ்: யாரோ என் பெயரைத் தெரிந்தேதான் குறிக்கிறார்கள் என்பதற்குப் பலகையே எவிடென்ஸ்.
எக்ஸிட்: எனக்கு எக்ஸிட் வேண்டும்.

❖

ஏப்ரல் 20

அன்புள்ள நாரே,

நலமா? கடிதம் வந்தது. அப்பாவுக்கு எபிஸ்டமாலஜி கதையைப் படித்துக் காட்டினேன். பாதிதான் புரிந்தது, ஆனாலும் முழுதாகச் சிரித்தார். வந்தவர்களிடமெல்லாம், "எம்மவ அஞ்சாயிரம் வார்த்தை முடிச்சிட்டா" என்கிறார். மீன்காரர் ஒருவர் விடாமல், "ஒண்ணு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். "அதெல்லாம் ஒனக்குப் புரியாதுய்யா, சூப்பக் குடி" என்று அடக்கிவிட்டார்.

விடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பாவுக்கு அதுதான் நல்லது என்று பட்டிருக்கும். போய்வருகிற அலைச்சல் மிச்சம்தானே. மேங்பாங் கடற்கரையில் கடுகுப்பூ மஞ்சளாக விரிந்திருக்கிறது, ஆனால் இந்த வருடம் கூட்டம் அதிகம், நீ வந்திருந்தாலும் ரசித்திருக்க முடியாது.

தினமும் மூன்று மணிக்கு அப்பா உன் பழைய கடிதத்தையே மறுபடி படிக்கச் சொல்கிறார், இப்போது எனக்கும் சேர்த்துக் காபி போடுகிறார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அக்கா

❖

ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். இரண்டு மாதமாக எழுதவில்லை. மன்னியுங்கள். அக்காவின் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடுகுப்பூ பற்றி நன்றாக எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமை மாதிரித் தேர்வு நடந்தது. ஆங்கிலத்தில் இரண்டே தவறு. வார்டன் ஐயா என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். ஆகவே, அப்பா, நீங்கள் மகிழலாம்.

என் ஐந்து வரிகளில் இலக்கணத் தவறே இல்லை என்றும் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் சிவப்பில் சரிக்குறி போடுகிறார், பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறிவிட்டது. கடையில் நெருப்பின் முன்னால் நிற்பதால் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நாரே

(ஆங்கிலத்தில்)
ஈரோஷன்: தினமும் காலையில் தலையணையில் ஒரு பிடி முடி கிடக்கிறது, இது தலையில் நடக்கும் ஈரோஷன்.
ஆம்னீசியா: வருகைப்பதிவில் முழுப்பெயரில் 'மா நாரே' என்று கூப்பிட்டார்கள், அது யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.
த்ரெஷோல்ட்: நான் ஒரு த்ரெஷோல்டில் நிற்கிறேன், அதற்கு அந்தப் பக்கம் என்னவென்று தெரியாது.
இர்ரிவர்சிபிள்: சில மாற்றங்கள் இர்ரிவர்சிபிள், அதற்குமுன் யாராவது வர வேண்டும்.
ரிசீவர்: செய்தி அனுப்பினால் போதாது, ரிசீவர் இருக்க வேண்டும்.

❖

ஜூலை 27

அன்புள்ள நாரே,

உடம்பு சுகமா? எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் ஓயாத வேலை. மாதிரித் தேர்வு மதிப்பெண் கேட்டு அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தட்டு கணவாய் இனாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளாடை, கொசுவர்த்தி, கறுப்பு எள்ளுப் பொடி. எள்ளைத் தினமும் இரண்டு கரண்டி சுடுதண்ணீரில் கரைத்துக் குடி. அப்பாவே கட்டிக் கொடுத்தார்.

வேறு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடு.

அக்கா

❖

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: நலமா?

எள்ளுப் பொடி வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் பார்த்துவிட்டு, "எங்க பெரியம்மாவும் இதத்தான் குடிக்கும், முடி வளர" என்றாள். ஆமாம். முடிக்குத்தான் கறுப்பு எள். நம் ஊரில் யாருக்கு முடி கொட்டினாலும் அதைத்தான் வாங்கிக் கொடுப்பார்கள்.

நன்றி. தினமும் குடிக்கிறேன். நீ எழுதுகிறபடி நானும் நல்ல செய்திகளையே எழுதிவிடுகிறேன்: ஆறாயிரத்து எண்ணூறு சொற்கள் முடிந்துவிட்டன. ஜூலை மாதத் 'தங்குகிறாள்' பட்டியலிலும் என் பெயர் முதலில் இருந்தது.

நாரே

(ஆங்கிலத்தில்)
இன்ஃபரன்ஸ்: முடி கொட்டுவதை நான் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதினேன், ஆகவே இன்ஃபரன்ஸ் ஒன்றுதான்.
ஒமிஷன்: உன் கடிதங்களில் என் கடைசி ஐந்து வரிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.
ஏஜென்ட்: அப்பா கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், பட்டியலில் பெயர் குறிக்கும் ஏஜென்ட் வேறு.
மோட்டிவ்: மோட்டிவ் மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.
சிஸ்டர்: இது புத்தகத்தில் இல்லாத சொல், இதற்கும் அர்த்தம் மறந்துகொண்டிருக்கிறது.

❖

அக்டோபர் 12

நாரே,

ஏழு வாரமாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். சூசோக் அறுவடைத் திருநாள் வந்து போனது. படையலுக்குப் பிறகு அப்பா உன் கிண்ணத்தையும் மேஜையில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

எல்லாம் புரிந்தது. பிப்ரவரியில் வந்த முதல் கடிதத்திலேயே புரிந்தது. அந்த எட்டாயிரத்தில் ஆயிரமாவது சொல் வரை நானும் நின்றுகொண்டே படித்தவள். அப்பாவுக்கு ஒரு வரிகூட உள்ளபடி படித்துக் காட்டியதில்லை. 'எக்ஸிட் வேண்டும்' என்றாய், "கதவைப் பத்தி ஏதோ எழுதியிருக்காப்பா" என்றேன். விடுப்பைப் பற்றி நீ எழுதிய பத்தியையும் படிக்காமல் தாண்டினேன், மாதாமாதம் 'தங்குகிறாள்' என்று குறித்தவளும் நான்தான். நீ வீட்டுக்கு வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுவாய். சொன்னால் மூன்று மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் நின்றுபோகும். "ஓடுகாலி, தங்கச்சியையும் கெடுத்துட்டா" என்பார். மறுபடியும் ரெண்டு சூப், மூணு சூப். மோட்டிவ் கேட்டாயே, இவ்வளவுதான். எழுதும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நாரே, எள்ளுப் பொடியை நான் வாங்கவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முடி பற்றி அப்பாவிடம் நான் மூச்சுகூட விடவில்லை. பொட்டலம் கட்டும்போது அதை ஏன் வைக்கிறார் என்று யோசிக்கவும் இல்லை. கேட்கத் தைரியம் வர இத்தனை நாளாயிற்று. நேற்றுதான் கேட்டேன்.

"எள்ளுப் பொடி எதுக்குப்பா வாங்குனீங்க?"

அவர் மீனைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "முடி கொட்டுதுன்னு எழுதியிருந்தாளே."

"அத அவ இங்கிலீஷ்லதானே எழுதியிருந்தா."

"ஆமா. நீதான் அதப் படிக்கவே இல்லையே."

"யாருப்பா சொன்னா?"

"வெளிநாட்டுக் கப்பலத் துறைமுகத்துக்குள்ள கூட்டியார பைலட்டு. செவுத்துல புதுசா ஒட்டுன கடுதாசிய சூப்பக் குடிச்சுக்கிட்டே படிச்சாரு. கரண்டிய வெச்சுட்டு, 'இது யாரு எழுதுனது?'ன்னாரு. 'எம்மவ'ன்னேன். அஞ்சையும் சொன்னாரு."

"எப்போ?"

"ஜூன்ல."

அவர் மீனைக் கழுவினார். நான் மேஜையைத் துடைத்தேன். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். சாப்பிடு, போதும்.

மிசோன்

❖

அக்டோபர் 17

நாரேவுக்கு அப்பா எழுதுவது.

நலமா? எனக்கு எழுத்து ஓடாது. தப்பிருந்தால் திருத்திப் படி.

பைலட் படித்துச் சொன்ன அன்று மத்தியானமே கிளம்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேர்வில் இரண்டே தவறு என்று நீயே எழுதியிருந்தாய். இன்னும் ஐந்து மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் டாக்டர் ஆகிவிடுவாளே என்று நினைத்தேன். உன் அக்கா உண்மையைச் சொன்னால் போய் அழைத்து வந்துவிடலாம், சொல்லாதவரை எனக்குத் தெரியாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். தினமும் படி படி என்று அவளைக் கேட்டதில் அதுவும் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் இருந்தது. உங்கள் அம்மா போன பிறகு மத்தியானங்களில் அந்தக் கடையில் யாரும் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்ததில்லை.

உள்ளே ஒரு மகளை வைத்துக்கொண்டு வெளியே ஒரு மகளோடு காபி குடித்தேன். விடுப்பு என்று ஒன்று இருப்பதே இந்த வாரம்தான் தெரியும். அக்காமேல் கோபப்படாதே. படுவதாக இருந்தால் முதலில் என்மேல் படு.

இதை முதலில் படிக்கும் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் ஆங்கிலம் தெரியும். என் மகள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரி என்று குறி போட்டிருக்கிறீர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். விலகல் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருகிறேன்.

அப்பா

❖

அக்டோபர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அப்பா பத்திரமாக வந்து சேர்ந்தாரா? இந்நேரம் நடந்ததைச் சொல்லியிருப்பார். ஒருவேளை சொல்லியிருக்கமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்தோம். என் தலையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தாளை எடுத்து என் கையில் வைத்தார். வார்டன் ஐயா, "இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு, இப்பப் போறது பைத்தியக்காரத்தனம்" என்றார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நாரே, உனக்கு என்ன வேணும்?"

"இன்னும் இருபத்தஞ்சு நாள்தான்ப்பா" என்றேன்.

"அது அவரு சொன்னது. நீ சொல்லு."

அக்கா, கதவு திறந்திருந்தது. வண்டி எதிரில் நின்றது. எட்டு மாதமாக நான் கேட்டது அதைத்தான். ஆனால் வாயில் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்திலும் வரவில்லை, நம் மொழியிலும் வரவில்லை. வெளியே போய் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. எனக்குப் பிடித்த சாப்பாடு எதுவென்று யோசித்தேன், அதுகூட நினைவுக்கு வரவில்லை. அப்பா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அவர் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது வகுப்பு மணி அடித்தது. நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் கால்கள் படியேறிக்கொண்டிருந்தன. பாதிப் படியில்தான் தெரிந்தது. அப்போதாவது திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. 46ஆம் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் அப்பா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது சீக்கிரம் போகாது. ஆனால் நாற்பதாம் நாளே நீ ஓடினாய் என்பதை இன்று நினைத்து நினைத்து அதிசயப்படுகிறேன். நாற்பது நாளில் போகத் தெரிந்திருந்தது உனக்கு. எனக்கு நாள் கடந்துவிட்டது.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. எந்த நாளும் நானே கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் தடுக்க முடியாது என்று வார்டன் ஐயாவே சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அப்பாவிடம் சொல். அடுத்த ஞாயிறும் அவர் வரட்டும். நீயும் கூட வா. அதே கேள்வியைக் கேளுங்கள். நான் வாயைத் திறக்காவிட்டாலும், மணி அடித்து நான் எழுந்து போனாலும், அதற்கு அடுத்த ஞாயிறும் வந்து கேளுங்கள்.

நாரே